சாயமாறி

ஏர்பம்ப் வாயைத் திறக்காமல் வந்து நின்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அந்த வண்ணமீன் கடைக்காரருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை மனுஷன் வாய், மீன்தொட்டிக்குள் காற்று ஊதுகிற மெஷின் மாதிரி குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால்தான் நிற்கும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். அன்றைக்குக் காலை ஸ்கூட்டரை நிறுத்தினார், முன்னால் வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியைத் தூக்கினார், "அண்ணி, டீ இருக்கா" என்றுகூடக் கேட்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்பக்கக் கொட்டகைக்குள் போனார்.

பெரியவள் அப்போது கறுப்பு வாளியில் ஃபில்டர் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் போன வேகத்தைப் பார்த்ததும் பஞ்சை வாளியிலேயே போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி பின்னாலேயே போனாள்.

கொட்டகை என்றால் தகரக் கூரை, சிமென்ட் தரை, இரண்டு வரிசையில் இருபத்திரண்டு தொட்டிகள். மூலையில் ஓடுகிற காற்று மெஷினின் இரைச்சல் அந்த வீட்டுக்காரர்கள் காதில் விழுவதே இல்லை. அது நின்றால்தான் பதறிக்கொண்டு ஓடிவருவார்கள். சிக்லிட் என்று மீன்களில் ஒரு பெருங்கூட்டம் உண்டு. அதில் இவர்கள் வளர்ப்பது முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பாற்றுகிற சின்ன ரகங்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து தொடங்கிய தொழில். தம்பி கப்பல் வேலைக்குப் போய்விட்டான். இப்போது அண்ணனும், அண்ணன் பெண்டாட்டி பெரியவளும், பதினொரு மாதத்துக்கு முன்னால் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சின்னவளும்தான் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஏர்பம்ப் பெட்டியைத் திறந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்கண்ணே. நீங்களே பாருங்க. நான் வாயத் தொறக்கல."

பெரியவளின் வீட்டுக்காரர் பையை வாங்கிப் பார்த்தார். ஒன்றரை அங்குல மீன்கள். பாதி நல்ல மஞ்சள். மீதியில் மஞ்சளுக்கு மேல் அடுப்புப் புகை படிந்த மாதிரி ஒரு கருநீலம் ஏறியிருந்தது. இரண்டு மூன்று முழுசாகவே நீலமாகி, முதுகிலிருந்து வயிறு வரைக்கும் கறுப்புப் பட்டை இறங்கியிருந்தது.

"இது சாயமாறி," என்றார் அவர்.

"அதத்தான் சொல்ல வந்தேன். நான் கேட்டது எலுமிச்சை. டாக்டரம்மா வீட்டு ஹால்ல ஆறடித் தொட்டி. தொட்டி பூரா மஞ்சளா இருக்கணும்னு சுவத்துக்கு வேற பெயின்ட் மாத்தி அடிச்சிருக்காங்க. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பாதி மீனு பிடிதுணி மாதிரி நிக்குது. எனக்கு நோய் மீன வித்துட்டியான்னு கேக்குறாங்க. நான் எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டு அந்த வீட்டுப் படி ஏறுறது?"

எலுமிச்சை, சாயமாறி இரண்டும் அந்த வீடு வைத்த பெயர்கள். வியாபாரத்தில் முதலாவது யெல்லோ லேப், இரண்டாவது சவுலோசி. குஞ்சில் இரண்டும் ஒரே மஞ்சள். உடம்பும் ஏறக்குறைய ஒன்று, சண்டைக் குணமும் ஒன்று. வளர்ந்தால்தான் வேஷம் கலையும். எலுமிச்சை கடைசிவரை மஞ்சளாகவே இருந்து, முதுகுத் துடுப்பில் மட்டும் கண்ணுக்கு மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு வாங்கும். சாயமாறிக்கு அந்தக் கோடு கிடையாது. பெட்டை மஞ்சளாக நின்றுவிடும், ஆண் நீலமாகிப் பட்டை போட்டுக்கொள்ளும். ஆக, குஞ்சாக இருக்கும்போது விற்கிறவர் சொல்வதுதான் பெயர், வாங்குகிறவர் நம்புவதுதான் மீன். இந்தத் தொழிலே அந்த நம்பிக்கையில்தான் மூச்சு விடுகிறது.

"பேக் பண்ணது யாரு?" என்றார் வீட்டுக்காரர். யார் என்று அவருக்கே தெரியும்.

"நான்தான் மாமா." சின்னவள் வலையும் கையுமாகக் கடைசித் தொட்டியருகில் நின்றிருந்தாள். "பச்சைக் கிளிப் போட்ட தொட்டியிலேர்ந்துதான் புடிச்சேன். முழுத் தொட்டியும் காலி பண்ணிட்டுக் கழுவிக் கவுத்தேன்."

"பச்சைன்னா எலுமிச்சை."

"ஆமா மாமா."

"அப்ப இந்தச் சாயமாறி எங்கேர்ந்து வந்துச்சு?"

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் அந்தப் பார்வையைச் சந்திக்காமல் தரையில் சிந்தியிருந்த தண்ணீரைக் காலால் ஒதுக்கினாள்.

கிளிப் என்றால் துணி காயப்போடுகிற சாதாரண பிளாஸ்டிக் கிளிப்தான். ஒவ்வொரு தொட்டி விளிம்பிலும் ஒன்று கவ்விக்கொண்டிருக்கும். பச்சை எலுமிச்சைக்கு, சிவப்பு சாயமாறிக்கு, வெள்ளை, நீலம், ஊதா என்று மற்ற ரகங்களுக்கு. கழுவுவதற்காக மீனைத் தொட்டி மாற்றினால் கிளிப்பும் கூடவே மாறும். பெரியவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவளே கண்டுபிடித்த வழி இது. பத்து வருஷமாக ஒரு பிசகும் வந்ததில்லை. "என் பொண்டாட்டி கிளிப் போட்டுட்டா அது கல்வெட்டு" என்று வீட்டுக்காரர் வருகிற போகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

ஏர்பம்ப் பெட்டியை மூடினார். மூடிவிட்டுப் போயிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. ஆனா பாத்தத மறைக்கவும் கூடாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இந்தச் சின்னம்மாவோட அண்ணன் மீன்கடை இருக்குல்ல? போன வாரம் அங்க எலுமிச்சை கெடந்துச்சு. கறுப்புக் கோடு சும்மா கத்தியால இழுத்த மாதிரி. எங்க எடுத்தீங்கன்னேன், ஒரு எடத்துலன்னாரு. அவ்வளவுதான். எனக்கு நாலு நாள்ல ஒரு பதில் சொல்லுங்க. டாக்டரம்மாகிட்ட நாலு நாள் தவணை கேட்டிருக்கேன்."

அவர் போனபிறகு கொட்டகையில் காற்று மெஷின் சத்தம் மட்டும் இருந்தது. அந்தச் சத்தம் அன்றைக்குப் பெரியவள் காதில் விழுந்தது.

"பச்சைத் தொட்டி எலுமிச்சை எங்க போச்சும்மா?" என்றார் வீட்டுக்காரர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"பச்சைத் தொட்டியிலேர்ந்துதான் மாமா நான் புடிச்சேன்."

"அதுல இருந்தது எலுமிச்சை. உங்க அக்கா போட்ட கிளிப்பு. அது பொய் சொல்லாது. பைக்குள்ள இருக்கறது சாயமாறி. சாயமாறித் தொட்டி எப்பவும் நெருக்கிக்கிட்டுத்தான் கெடக்கும். அதுலேர்ந்து வாரி பைய நிரப்பினா யாருக்குத் தெரியப்போவுது? நான் திருட்டுன்னு சொல்லல. உங்க அண்ணனுக்குக் கொஞ்சம் மீன் வேணும்னா என்கிட்டக் கேட்டிருக்கலாம்."

"நான் எடுக்கல மாமா."

"சரி. எடுக்கலைன்னா எங்க போச்சுன்னு யோசிச்சுச் சொல்லு. அதுவரைக்கும் தொட்டிப் பக்கம் வராத."

சின்னவள் கையிலிருந்த வலையை ஆணியில் மாட்டினாள். ஈரக் கையைத் துடைக்காமலே அவள் வெளியே போனதைப் பெரியவள் பார்த்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாளிக்குத் திரும்பிப்போய்ப் பாதியில் விட்ட பஞ்சைப் பிழிந்தாள்.

விஷயம் இதுதான். இரண்டரை மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், காற்றும் மழையுமாக அடித்துக்கொண்டு வந்தது. கொடியிலிருந்த நீலப் போர்வை பறக்கப் பார்த்தது. கொடியில் கிளிப் பற்றவில்லை. பெரியவள் கொட்டகைக்குள் ஓடி, கைக்கு எட்டிய இரண்டு தொட்டிகளிலிருந்து இரண்டு கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு போய், கூரைக்கடியில் கட்டியிருந்த கயிற்றில் போர்வையைப் போட்டுக் கவ்வவைத்தாள். மழை விட்டதும் திரும்பக் கொண்டுபோனாள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. இரண்டு தொட்டியிலும் மஞ்சள் குஞ்சு. ஒரு நிமிஷம் கை தயங்கியது. 'இது இதுக்குத்தானே' என்று ஒரு நினைப்பு. போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடிவிட்டாள். அந்த வாரக் கடைசியில்தான் சின்னவள் பச்சைத் தொட்டியைக் காலி செய்தாள்.

ஏர்பம்ப் பையைத் தூக்கிக் காட்டிய அந்த நொடியில் போர்வையும் மழையும் அவளுக்கு நினைவு வந்துவிட்டன. அதற்கப்புறம் அவர் பேசிய ஒரு பேச்சும் சரியாகக் காதில் ஏறவில்லை.

ஒரு கிளிப் மாறியதைச் சொல்ல என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சின்னவள் இந்த வீட்டுக்கு வந்த நாலாம் நாள், ஒட்டுகிற காகிதத்தில் எல்லா மீன்களின் பெயரையும் முத்து முத்தாக எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். "கிளிப்பு கைமறதியா மாறிடும் அக்கா. இத ஒட்டிடலாமா?" கெட்ட எண்ணமில்லாமல்தான் சொன்னாள். பெரியவளுக்கு முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. "அப்புறம் ஒட்டலாம்" என்று வாங்கியவள், காலித் தீவன டப்பா ஒன்றுக்குள் போட்டு மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டாள். சின்னவளும் மறுபடி கேட்கவில்லை. இப்போது கிளிப் மாறிவிட்டது என்று சொன்னால், பதினொரு மாதத்துக்கு முன்னால் வந்தவள் சொன்னதுதான் சரி, பத்து வருஷம் பார்த்தவளுக்கு ஒன்றும் தெரியாது என்றாகிவிடும். கல்வெட்டு அழிந்துவிடும். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்த பெருமை அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் வீட்டுக்காரர் மீன் தீவனம் வாங்கப் போயிருந்தார். சின்னவள் அறைக்குள் இருந்தாள். பெரியவள் சிவப்புக் கிளிப் போட்ட தொட்டிக்குப் போனாள். அது அடியில் வெள்ளை டைல்ஸ் பதித்த தொட்டி. வெள்ளைத் தரையில் விட்டால் மீன் தன் கறுப்பையெல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு வெளிறிப்போகும். இருட்டான இடத்தில் விட்டால் அரை மணியில் நிறம் ஏறிவிடும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்தது. ஒரே ஒரு குஞ்சைப் பிடித்து, தொட்டித் தண்ணீரோடு இரும்புச் சட்டியில் விட்டு, மேலே தட்டைச் சாய்த்து மூடி, சமையலறை மூலையில் வைத்தாள். வெங்காயம் உரித்தாள். கண் எரிந்தது. தட்டைத் திறந்து பார்த்தாள்.

முதுகுத் துடுப்பில் மெல்லிசாகக் கறுப்புக் கோடு.

எலுமிச்சைதான். ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. இத்தனை நாளும் சிவப்புக் கிளிப்பை மாட்டிக்கொண்டு, நெருக்கடியில் சரியாகச் சாப்பாடும் கிடைக்காமல் வளர்ச்சி குன்றி, அந்தத் தொட்டியிலேயேதான் நீந்திக்கொண்டிருந்தன. சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து "இங்க வாடி, பாரு" என்று சின்னவளைக் கூப்பிட எத்தனை அடி நடக்க வேண்டும்? எட்டு அடி. அவள் பின்வாசல் வழியாகப் போய் மீனைத் தொட்டியில் கொட்டிவிட்டு, சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

அன்றைக்குச் சின்னவளுக்குச் சோறு போடும்போது குழம்புக்கடியில் ஒரு முட்டையை ஒளித்துவைத்தாள். சின்னவள் சோற்றைக் கிளறியதும் முட்டை வெளியே வந்தது. அதைத் தட்டு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டாள்.

"ஏன், முட்டை வேண்டாமா?"

"வேண்டாம் அக்கா."

"ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? நேத்தும் சரியாச் சாப்பிடல."

"பசிக்கல அக்கா."

மூன்றாம் நாள் கப்பலிலிருந்து தம்பி போன் செய்தான். சின்னவள் கூடத்தில் நின்று பேசினாள். வீட்டுக்காரர் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாருக்கேன்... எல்லாரும் நல்லாருக்காங்க... மீனெல்லாம் நல்லாருக்கு... ஒண்ணுமில்ல, தொண்டை கட்டியிருக்கு... அக்காவா? அக்காதான் நல்லாப் பாத்துக்கறாங்க."

சமையலறையில் பெரியவளின் கையிலிருந்த கரண்டி நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. குத்திக்காட்டுகிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. குற்றமுள்ள நெஞ்சுக்குத் திட்டு விழுந்தால்தான் கொஞ்சம் ஆறும்.

போன் வைத்தபிறகு வீட்டுக்காரர் சொன்னார்: "நாளைக்கு ஏர்பம்ப் வருவான். நான் என்னம்மா சொல்றது?"

"எங்க அண்ணன வரச் சொல்லியிருக்கேன் மாமா. அவரே வந்து சொல்லுவாரு. அப்புறம் நான் அவரோட போயிடுறேன்."

"போறதப் பத்தி நான் பேசல."

"நான் பேசறேன் மாமா."

நாலாம் நாள் காலை புழுக்கம் தாங்கவில்லை. வானம் மூடிக்கொண்டு மழை பெய்யாமல் கழுத்தறுத்தது. ஏர்பம்ப் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். சின்னவளின் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். ஒல்லியான மனுஷன், சட்டைப் பையில் கடைச் சாவிக் கொத்து. உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"அத்தான், என் கடையில இருக்கற எலுமிச்சை நான் வேற எடத்துல எடுத்தது. எடுத்த எடத்துக்கு உங்களக் கூட்டிட்டுப் போறேன். வேணும்னா இந்தாங்க சாவி. நீங்களே தொறந்து ஒவ்வொரு தொட்டியாப் பாருங்க. ஆனா ஒண்ணு. என் தங்கச்சி திருடிக் குடுத்து நான் வாங்கி வித்தேன்னு இன்னொரு தடவை யாரு சொன்னாலும், அதுக்கப்புறம் நான் அத்தான்னு கூப்பிட மாட்டேன்."

"நானா சொன்னேன்?" என்றார் ஏர்பம்ப். "நான் பாத்தத..."

"நீங்க சும்மா இருங்க."

வீட்டுக்காரர் சாவியைத் தொடவில்லை. "சாவி எதுக்கு? எனக்கு ஒரு கேள்விக்குத்தான் பதில் வேணும். பச்சைக் கிளிப் தொட்டியில இருந்த எலுமிச்சை எங்க? அதுக்கு இவ பதில் சொல்லிட்டுப் போகட்டும்."

சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள். அழுது முடித்த முகம். அவள் யாரையும் பார்க்கவில்லை. அவள் அந்தப் படியைத் தாண்டிவிட்டால் திருடி என்ற பெயரோடுதான் தாண்டுவாள். பிறகு எந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவினாலும் அது போகாது. பெரியவள் முன்னால் வந்தாள்.

"என்னங்க," என்றாள். "கிளிப்ப மாத்துனது நான்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"மழையன்னிக்கு, போர்வைக்குப் போட கிளிப் பத்தலைன்னு ரெண்டு தொட்டிலேர்ந்து புடுங்கினேன். திரும்பப் போடறப்ப மாத்திப் போட்டுட்டேன். அவ பச்சையப் பாத்துத்தான் புடிச்சா. அவமேல ஒரு தப்பும் இல்ல."

வீட்டுக்காரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"நீ உள்ள போ. அவமேல பாவப்பட்டு பழியத் தூக்கி உன் தலையில வெச்சுக்கப் பாக்குற. உன் குணம் எனக்குத் தெரியாதா?"

"அண்ணிக்குப் பெரிய மனசு," என்றார் ஏர்பம்ப்.

நாலு நாள் கழித்து வாயிலிருந்து வந்த உண்மைக்குக் கிடைத்த மரியாதை அது. அவர்கள் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நல்லவள் என்று சொன்னதைத் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று போய்க் கறுப்பு வாளியை எடுத்தாள். மூன்று தடவை அலசினாள். சிவப்புக் கிளிப் தொட்டியில் அதை முக்கித் தண்ணீர் மொண்டாள். வலையைப் போட்டுக் குத்துமதிப்பாக ஒரு பிடிக் குஞ்சை அள்ளி வாளியில் விட்டாள். ஒரு தட்டால் முக்கால்வாசி மூடி, எல்லாருக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.

"அரை மணி இருங்க. அதுக்கப்புறம் யாரு என்ன வேணா சொல்லுங்க."

வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. கறுப்பு வாளி வித்தை அவருக்கும் தெரிந்ததுதான். தொட்டியில் தொங்கிய சிவப்புக் கிளிப்பை அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை, அதனால் பார்க்கத் தோன்றவில்லை. அவர் மெதுவாக வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

அந்த அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. ஏர்பம்ப்கூட. அண்ணன்காரர் சாவிக் கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் வாசலை விட்டு நகரவில்லை, தோள் பையையும் இறக்கவில்லை. பெரியவள் வாளியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டியில் பார்த்தது ஒரே ஒரு மீன். அது எங்கிருந்தோ தப்பிவந்த ஒன்றாக இருந்து, மீதியெல்லாம் சாயமாறியாகவே இருந்துவிட்டால்? அப்படியானால் தான் சொன்ன உண்மையும் பொய்யாகி, சின்னவள் நிஜமாகவே திருடியாகிவிடுவாள்.

வீட்டுக்காரர் தட்டை எடுத்தார். குனிந்து பார்த்தார். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். அண்ணன்காரரும் குனிந்தார்.

"இதுல இருக்கு," என்றார் அண்ணன்காரர். "இதுலயும்."

மஞ்சள் அடர்ந்து ஏறியிருந்தது. ஒன்று, இரண்டு என்றில்லை, வாளியிலிருந்த அத்தனையும் முதுகில் மை இழுத்துக்கொண்டு சுற்றின. ஏர்பம்ப் ஸ்டூலை விட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "எலுமிச்சையேதான்," என்று சொல்லிவிட்டு, பிறகு யாரும் கேட்காமலேயே அண்ணன்காரரிடம், "நான் ஒரு வார்த்தை அனாவசியமாப் பேசிட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க," என்றார்.

வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. வாளியைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாலு நாளு ஏண்டி சொல்லல?"

"சொல்ல வாய் வரல. என் கிளிப்பு தப்பாப்போச்சுன்னு, படிச்ச பொண்ணு முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். முந்தாநாளே ஒரு மீனச் சட்டியில போட்டுப் பாத்தேன். கோடு தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

சொல்லத் தேவையில்லாத அந்தக் கடைசி விஷயத்தையும் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"எனக்கு மொத நாளே தெரியும் அக்கா," என்றாள் சின்னவள்.

பெரியவள் திரும்பினாள்.

"செவப்புக் கிளிப்பு பல்லப் பாருங்க. போர்வை நூல் மாட்டியிருக்கு. கடைக்காரர் வந்துட்டுப் போனப்பவே பாத்தேன். தொட்டிக் கிளிப்ப எடுத்துத் துணிக்குப் போடுற உரிமை இந்த வீட்டுல யாருக்கு இருக்கு?"

பெரியவள் குனிந்து பார்த்தாள். சிவப்புக் கிளிப்பின் பல்லிடுக்கில் நீல நூல் ஒன்று சிக்கியிருந்தது. இரண்டரை மாதமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"தெரிஞ்சும் ஏன்டி வாயத் தொறக்கல?"

"தொறந்து? மாமா உங்க கிளிப்ப நம்புவாரா, என் வாய நம்புவாரா? நீங்க சொன்னதையே இப்ப நம்பலையே." அவள் குரல் உயரவில்லை. "நீங்க சொல்லுவீங்கன்னு காத்துட்டிருந்தேன். நீங்க முட்டை வெச்சீங்க."

வீட்டுக்காரர் எழுந்து, "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தார். அண்ணன்காரர் பக்கம் திரும்பி, "ஒரு டீ குடிச்சிட்டு..." என்றார்.

"இன்னொரு நாள் வரேன் அத்தான்." அத்தான் என்றுதான் சொன்னார். ஆனால் சாவிக் கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஏர்பம்ப்பும் எலுமிச்சையை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, இதற்கு முன் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சின்னக் குரலில் விடைபெற்றார்.

சின்னவள் படியிறங்கப் போனாள்.

"இரு," என்றாள் பெரியவள்.

உள்ளே ஓடினாள். அலமாரிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து காலித் தீவன டப்பாவை எடுத்தாள். மூடி இறுகிப்போயிருந்தது. அதைத் திறந்துகொண்டே கொட்டகைக்கு வந்து, சுருட்டியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். சின்னவள் பிரித்துப் பார்த்தாள். அவள் எழுத்து. ஓரம் பழுத்திருந்தது.

"தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"போடல. ஒளிச்சு வெச்சேன்." பெரியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எதுல எலுமிச்சைன்னு எழுதியிருக்க? அத மட்டும் காட்டிட்டுப் போ."

சின்னவள் மூன்றாவது பெயரில் விரலை வைத்தாள். பெரியவள் சிவப்புக் கிளிப்பை நூலோடு பிடுங்கி மடியில் சொருகினாள். தொட்டியின் முகப்பைக் கையால் துடைத்தாள். அந்தப் பெயரை மட்டும் நகத்தால் உரித்து, கண்ணில் நீர் முட்ட, சரியாகப் பார்க்காமலே தொட்டிமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.

சின்னவள் ஒட்டியதைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமாகவே பார்த்தாள். அவள் உதடு லேசாக அசைந்தது. ஏதோ சொல்ல வந்தாள், சொல்லவில்லை. மீதிக் காகிதத்தை டப்பாவுக்குள் வைத்து மூடி, டப்பாவைத் தொட்டிப் பக்கத்திலேயே வைத்தாள்.

"எப்ப வருவ?"

"தெரியல அக்கா."

பைக் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் வரைக்கும் மழை பெய்யவில்லை. வீட்டுக்காரர் தீவனம் போட வந்தவர், தொட்டி முன்னால் நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நகத்தால் காகிதத்தின் மூலையைக் கிளப்பப் போனார்.

"கை வைக்காதீங்க," என்றாள் பெரியவள்.

"அட, தலைகீழா ஒட்டியிருக்கடி."

பெரியவள் அருகில் வந்து பார்த்தாள். மீனுக்குத் தலை எது வால் எது என்று பிறந்த அன்றைக்கே சொல்லிவிடுவாள். எழுத்துக்கு அவளுக்குத் தெரியாது. ஆனால் சின்னவள் ஏன் அத்தனை நேரம் பார்த்தாள், எதைச் சொல்ல வந்து சொல்லாமல் போனாள் என்பது இப்போது புரிந்தது.

"அப்படியே இருக்கட்டும். அவ பாத்துட்டுத்தான் போயிருக்கா. அவ வந்துதான் நேராக்கணும்."

"அவ எப்ப வராளோ."

"சொல்றதுக்கு நான் நாலு நாளு எடுத்துக்கிட்டேன்," என்றாள் பெரியவள். "வரதுக்கு அவ எத்தனை நாளு வேணா எடுத்துக்கட்டும்."